முப்பதுக்கு எத்தனை?

என்னிடம் வரும் பரிந்துரைக் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் வரிசையாக இருக்கும். கடைசியில், நினைவையும் சிந்தனையையும் சில நிமிடங்களில் சோதிக்கும் மோக்கா என்ற தாளின் மதிப்பெண்ணோடு ஒரு வரி: "மோக்கா 22/30. மறதி நோயாக இருக்கலாம். மேற்கொண்டு பார்க்கவும்." மூளை ஸ்கேனைப் பற்றி ஒரு பத்தியே எழுதியிருப்பார்கள், இந்த 22 எப்படி வந்தது என்பதற்கு ஒரு சொல் இருக்காது. இழந்த எட்டு மதிப்பெண்கள் எங்கே போயின? நினைவிலா, கவனத்திலா, படம் வரைவதிலா? நோயாளி எதுவரை படித்தவர்? சோதனை நடந்தபோது காதுக் கருவி காதில் இருந்ததா, வீட்டு மேசையில் இருந்ததா? பாடவாரியாக எதையும் காட்டாமல் மொத்தத்தை மட்டும் அச்சடித்த மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு பிள்ளை கணக்கில் எப்படி என்று சொல்லச் சொன்னால் எப்படிச் சொல்வது?

நினைவுக் குறைபாட்டுக்கான பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சிறு சோதனைகளுக்கு நான் எதிரி அல்ல. பத்து நிமிடத்தில் இவ்வளவு சொல்லும் கருவி என் மேசையில் வேறொன்றும் இல்லை. ஆனால் அது சொல்வதிலேயே மிகக் குறைவாகச் சொல்வது, கடைசியில் கூட்டிப் போடும் அந்த எண்தான்.

புழக்கத்தில் இருக்கும் கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹ்யூவும் 1975இல் வெளியிட்ட எம்எம்எஸ்இ. மூன்று சொற்களையும் ஒரு கடிகாரப் படத்தையும் மட்டும் வைத்து 2000இல் வந்த மினி-காக். மான்ட்ரியலிலிருந்து நஸ்ரெதீன் குழு 2005இல் வெளியிட்ட மோக்கா. எம்எம்எஸ்இயில் 24க்குக் கீழ், மோக்காவில் 26க்குக் கீழ், மினி-காகில் 3க்குக் கீழ் என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. எம்எம்எஸ்இயும் மோக்காவும் முப்பதுக்குத்தான் என்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கேதான் முதல் குழப்பம் தொடங்குகிறது. எம்எம்எஸ்இயில் 30இல் 10 மதிப்பெண், தேதியும் இடமும் தெரிகிறதா என்பதற்கே போய்விடுகிறது. சொற்களைத் திரும்ப நினைவுகூர 3 மதிப்பெண்தான். திட்டமிடும் திறனை அது ஏறக்குறைய தொடுவதே இல்லை. மோக்காவில் நினைவுகூரலுக்கு 5, சொற்களைக் கேட்டதற்கும் திரும்பச் சொல்வதற்கும் இடையே காத்திருக்கும் நேரமும் அதிகம். கடிகாரம், கனசதுரம், எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு இழுப்பது என்று திட்டமிடலும் உள்ளே வருகிறது. ஆகவே எம்எம்எஸ்இயில் 24 வாங்குபவர் மோக்காவில் சுமார் 18தான் வாங்குவார். போன ஆண்டு ஒரு மருத்துவமனையில் எம்எம்எஸ்இ 25, இந்த ஆண்டு இன்னொன்றில் மோக்கா 19, "ஆறு மதிப்பெண் சரிந்துவிட்டது" என்று கண்ணீரோடு வரும் குடும்பங்கள் உண்டு. பெரும்பாலும் எதுவும் சரிந்திருக்காது. சோதனைத் தாள்தான் மாறியிருக்கும்.

வரம்பு எண்ணைப் பற்றி ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நோய் உள்ள 100 பேரில் 90 பேரைப் பிடித்து, இல்லாத 100 பேரில் 80 பேரைச் சரியாக விடுவிக்கும் ஒரு சோதனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நினைவில் குறை என்று யாரும் சொல்லாத 1000 பேரிடம் அதை நடத்துங்கள். அவர்களில் 50 பேருக்கு உண்மையில் நோய் இருக்கட்டும். 50இல் 45 பேர் சிக்குவார்கள். நோய் இல்லாத 950இல் 190 பேரும் சிக்குவார்கள். ஆக 235 பேருக்குச் சோதனை "ஆம்" என்கிறது. அதில் உண்மையான "ஆம்" 45, அதாவது ஐந்தில் ஒன்றுகூட முழுதாக இல்லை. இதே சோதனையை என் பிரிவில் நடத்துகிறேன். இங்கே வருபவர்களில் பாதிப் பேருக்கு நோய் இருக்கிறது என்று வையுங்கள். 1000 பேரில் 450 உண்மை, 100 பொய். "ஆம்" என்றால் ஐந்தில் நான்கு சரி. தாள் அதேதான், வரம்பும் அதேதான். அறை மாறியதும் பொருள் தலைகீழாகிவிடுகிறது. அதனால் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் நான் கேட்பது, இந்தச் சோதனையை எடுக்கத் தூண்டியது எது என்பதைத்தான். வழக்கமான உடல் பரிசோதனையோடு சேர்த்து எடுத்தார்களா, அல்லது நன்றாக அறிந்த ஒருவர் "இவர் முன்போல் இல்லை" என்று சொன்னதால் எடுத்தார்களா?

அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, அறிகுறி எதுவும் இல்லாத முதியவர்களை எல்லாம் சோதிப்பதால் வரும் நன்மை தீமைகளை எடைபோடப் போதிய சான்று இல்லை என்று 2020இல் சொன்னதன் பின்னணியில் இப்படிப்பட்ட கணக்குக்கும் இடம் உண்டு. அறிகுறி இருப்பவரைச் சோதிப்பது வேறு விஷயம். அதில் யாருக்கும் தகராறு இல்லை. மோக்காவின் 26 என்ற வரம்பும் நினைவுப் பிரிவு நோயாளிகளையும் நலமான தன்னார்வலர்களையும் ஒப்பிட்டு வந்தது. 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 26க்குப் பதிலாக 23 என்று வைத்தால் பொய்யான "ஆம்"கள் குறைகின்றன என்று காட்டியது. 24, 25 வாங்கியவரிடம் "தோல்வி" என்ற தொனியில் யாரும் பேச வேண்டாம் என்று பயிற்சிக்கு வரும் மருத்துவர்களிடம் சொல்வது இதனால்தான்.

அடுத்தது படிப்பு. இதில்தான் அநியாயம் அதிகம் நடக்கிறது.

எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா, பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். முழங்கால் அறுவைக்கு முன் வழக்கமாக எடுத்த எம்எம்எஸ்இயில் 19. மகன் கையில் கோப்பு, முகத்தில் பீதி. தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதில் ஐந்தும் போயிருந்தன. எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய வேண்டியது 1, ஒரு வாக்கியம் எழுத வேண்டியது 1, ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டியது 1, மூன்றும் போயிருந்தன. ஆக எட்டு. மீதி மூன்று, தேதி, ஆண்டு, மாடி எண் ஆகியவற்றில். திரும்பச் சொல்ல வேண்டிய மூன்று சொற்களையும் பிசகாமல் சொல்லியிருந்தார். பொருள் வாங்கிப் பணம் கொடுத்து மீதி வாங்கும் கணக்கு ஒன்றை வாயால் கேட்டேன். நான் முடிப்பதற்குள் விடை வந்தது. அடுத்ததைக் கொஞ்சம் கடினமாக்கினேன், அதற்கும் வந்தது. பேனாவை அவர் பிடித்த விதத்தைப் பார்த்தால் போதும்: நான்கு விரல்களும் சேர்ந்து, ஏதோ உடைந்துவிடும் பொருள் போல. ஐங்கோணம் எங்கிருந்து வரும்? நினைவில் குறை என்று சொல்ல அந்தத் தாளில் எதுவும் இல்லை. வீட்டில் யார் என்ன மாத்திரை எப்போது சாப்பிட வேண்டும் என்பதே அவர் சொல்லித்தான் நடக்கிறது என்று மருமகள் சொன்னார்.

எழுத்தறிவைக் கேட்கும் அந்த மூன்றும், ஏழு கழிக்கும் ஐந்தும் சேர்ந்தால் எட்டு. முப்பதிலிருந்து எட்டைக் கழித்தால் 22. அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்டவர்களின் எம்எம்எஸ்இ மதிப்பெண்களைத் தொகுத்து 1993இல் வெளியான ஆய்வில், நான்காண்டுக்கு மேல் பள்ளி செல்லாதவர்களின் நடு மதிப்பெண்ணும் 22தான். ஐந்து முதல் எட்டாண்டு படித்தவர்களுக்கு 26. ஒன்பதாண்டோ அதற்கு மேலோ படித்தவர்களுக்கு 29. 24 என்ற வரம்பை எல்லோர் தலையிலும் ஒன்றாக வைத்தால், முதல் வகையினரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நோயாளிகளாகிவிடுவார்கள். மோக்காவில் 12 ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. பதினோராம் வகுப்புவரை படித்தவருக்கும் ஒன்று, எழுத்தே தெரியாதவருக்கும் ஒன்று. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு கணக்கு நேராகிவிட்டது என்று யாரும் ஏமாற வேண்டாம்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நான் தாளையே மாற்றிவிடுவேன். கங்குலி குழு எம்எம்எஸ்இயை எழுத்தறிவு இல்லாதவர்களுக்கு ஏற்ப மாற்றி 1995இல் வெளியிட்ட ஹெச்எம்எஸ்இ ஒன்று. 2004இல் வந்த ருடாஸ் இன்னொன்று: சாலையைக் கடப்பது, உடலின் இடம் வலம், கை அசைவுகளைப் பார்த்துச் செய்வது போன்றவற்றைக் கேட்பதால் படிப்பும் மொழியும் அதைக் குறைவாகவே அசைக்கின்றன. 30க்கு 22 அல்லது அதற்குக் கீழ் என்றால் கவனிக்க வேண்டும். எந்தத் தாளும் கைவசம் இல்லையென்றால், எந்தக் கேள்விகள் படிப்பைச் சார்ந்தவை என்று குறித்துவிட்டு மற்றவற்றை மட்டும் பாருங்கள். அது முறையான மதிப்பெண் ஆகாது. ஆனால் பொய்யான மதிப்பெண்ணைவிட மேல்.

மறுபக்கமும் உண்டு. ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர் மோக்காவில் 28 வாங்கினார். கடிதத்தில் "இயல்பு, கவலை வேண்டாம்" என்றிருந்தது. வாழ்நாள் முழுதும் எண்களோடு புழங்கியவருக்கு ஏழு ஏழாகக் கழிப்பது மூச்சு விடுவது மாதிரி. இழந்த இரண்டும் நினைவுகூரலில். அந்த இரண்டு சொற்களுக்கும் குறிப்புக் கொடுத்துப் பார்த்தேன், வரவில்லை. ஒன்றுக்குப் பதிலாகக் கேட்காத வேறொரு சொல்லை உறுதியாகச் சொன்னார். அவரை வெளியே அமர வைத்துவிட்டு மனைவியிடம் தனியாகப் பேசினேன். ஒரே கட்டணத்தை இரண்டு முறை செலுத்தியிருக்கிறார். காலையில் கேட்ட கேள்வியை மதியத்துக்குள் நான்கைந்து முறை கேட்கிறார். நாற்பது ஆண்டாகத் தானே போட்ட வருமான வரிக் கணக்கை இந்த முறை திறந்து பார்க்கவே தயங்குகிறார். எழுபது வயதில் 28 வாங்குவது பலருக்கு நலம். இவருக்கு அது இறக்கம். எங்கிருந்து இறங்கினார் என்பது மனைவிக்குத்தான் தெரியும்.

ஆகவே உடன் வாழ்பவரின் வாக்குமூலம் இல்லாமல் எந்த மதிப்பெண்ணையும் நான் முடித்து வைப்பதில்லை. இதற்கும் கருவிகள் உண்டு. ஏடி8 என்பது எட்டுக் கேள்விகள். இரண்டு அல்லது அதற்கு மேல் "மாறியிருக்கிறது" என்றால் கவனம் வேண்டும். ஐக்யூகோட் பத்தாண்டுக்கு முன்னிருந்த நிலையோடு இன்றைய நிலையை ஒப்பிடச் சொல்லும். அதன் சுருக்க வடிவில் 16 கேள்விகள். ஒவ்வொருவரும் தன்னோடு தானே ஒப்பிடப்படுவதால் படிப்பு இதில் அவ்வளவாகக் குறுக்கிடுவதில்லை. தாளில் நடக்கும் சோதனையின் ஓட்டையை இது அடைக்கிறது, இதன் ஓட்டையை அது அடைக்கிறது. இதிலும் எச்சரிக்கை தேவைதான். பார்த்துக்கொள்பவர் களைத்துச் சோர்ந்திருந்தால் எல்லாம் பெரிதாகத் தெரியும். காதல் மிகுந்த துணையோ குறையை மறைக்கும். இரண்டு பேரிடம் கேட்க முடிந்தால் கேட்டுவிடுவேன்.

இனி, மதிப்பெண் எப்படிப் போனது என்பது. என் நேரம் பெரும்பாலும் செலவாவது இங்கேதான்.

நினைவுகூரலை எடுத்துக்கொள்வோம். (சோதனையின் சொற்களை வேண்டுமென்றேதான் இங்கே எழுதவில்லை. அவை ஊரெல்லாம் உலவினால் சோதனை செத்துப்போகும்.) மோக்காவில் தானாகச் சொன்ன சொல்லுக்குத்தான் மதிப்பெண். ஆனால் சொல்ல முடியாதபோது, அது எந்த வகைப் பொருள் என்று ஒரு குறிப்பும், அதிலும் வராவிட்டால் மூன்று சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் கொடுக்கச் சொல்கிறது அந்தத் தாள். மதிப்பெண் இல்லையே என்று இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாளிலேயே அருமையான பகுதி இதுதான். குறிப்புக் கொடுத்ததும் சொல் பளிச்சென்று வந்தால், அது உள்ளே பதிந்திருக்கிறது, எடுப்பதில்தான் சிரமம். மனச்சோர்வு, மூளையின் சிறு இரத்தக் குழாய் நோய், தூக்கமின்மை, பார்க்கின்சன் வகை நோய்கள் போன்றவற்றில் இப்படி அடிக்கடி பார்க்கிறேன். குறிப்பும் உதவவில்லை, மூன்றில் ஒன்றைக் காட்டியபோதும் தவறானதையே எடுக்கிறார், கேட்காத சொற்களை வேறு சேர்க்கிறார் என்றால், பதிவே நடக்கவில்லை. அல்சைமரை நினைக்க வேண்டும். இருவருக்கும் நினைவுகூரலில் 5க்கு 0தான். தாளில் ஒரே பூஜ்யம். இதை எண்ணாகவே எழுத வேண்டுமென்றால் மோக்காவில் நினைவுக் குறியெண் ஒன்று உண்டு: தானாகச் சொன்னால் 3, வகைக் குறிப்பில் 2, தேர்வில் 1, மொத்தம் 15.

இதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. முதல் முறை சொற்களைச் சொல்லிக் கொடுத்தபோது உடனே திருப்பிச் சொன்னாரா? மோக்காவில் அதற்கு மதிப்பெண் இல்லாததால் பலர் கட்டத்தில் குறிப்பதே இல்லை. முதலிலேயே இரண்டு சொல்தான் வந்தது என்றால் காது கேட்கவில்லை, அல்லது கவனம் இங்கே இல்லை. உள்ளே போகாததைப் பிறகு தேடி என்ன பயன்?

கடிகாரம். பதினொன்று பத்து காட்டச் சொல்வது வழக்கம். "பத்து" என்ற சொல் காதில் விழுந்ததும் கண் 10 என்ற எண்ணைத் தேடும்; அந்த இழுப்பை அடக்கி, பத்து நிமிடத்துக்கு முள் 2இல் நிற்க வேண்டும் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். முன் மூளையின் கட்டுப்பாடு தளர்ந்தவர் ஒரு முள்ளை 11க்கும் இன்னொன்றை 10க்கும் இழுத்துவிட்டுத் திருப்தியாக நிமிர்ந்து பார்ப்பார். ஒருவர் வட்டம் போட்டார், அழகான வட்டம். 12ஐ உச்சியில் வைத்தார். பிறகு 1, 2, 3 என்று நெருக்கி நெருக்கி எழுதிக்கொண்டே போய், கீழ்ப்பாதி வருவதற்குள் 11வரை முடித்துவிட்டார். இடப்பக்கம் முழுவதும் வெற்று. சிறிது நேரம் அதைப் பார்த்தார், ஏதோ சரியில்லை என்று தெரிகிறது, எது என்று தெரியவில்லை. முள்களை மையத்திலிருந்து தொடங்காமல் எண்களுக்கு அருகில் இரண்டு சிறு கோடுகளாகப் போட்டார். பக்கத்தில் நான் ஒரு கடிகாரம் வரைந்து, இதைப் பார்த்து வரையுங்கள் என்றேன். கிட்டத்தட்டச் சரியாக வரைந்தார். கண்ணும் கையும் இடத்தை அறிகின்றன, திட்டமிடல்தான் போயிருக்கிறது. பார்த்து வரைவதும் சிதைந்திருந்தால் என் யோசனை மூளையின் பின்பகுதிக்குப் போகும். நினைவு ஓரளவு நன்றாக இருந்து படம் மட்டும் மோசமாக இருந்தால் மறதி நோயில் இன்னொரு வகையான லூயி பாடி நோயைப் பற்றி, இல்லாதவை கண்ணுக்குத் தெரிகின்றனவா, உறக்கத்தில் கத்திக் கைகால் உதறுகிறாரா என்று கேட்பேன். மோக்காவில் இந்தப் படத்துக்கு மொத்தம் 3 மதிப்பெண். அந்த மூன்றுக்குள் இவ்வளவும் இருக்கிறது.

ஒரு நிமிடத்தில் குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லச் சொல்வதோடு, விலங்குகளின் பெயர்களையும் ஒரு நிமிடம் கேட்டுவிடுவேன். அது தாளில் இல்லை, என் சேர்க்கை. அல்சைமரில் விலங்குகள் முதலில் வற்றும், முன் மூளை நோய்களில் எழுத்து முதலில் வற்றும். விதி என்று சொல்ல முடியாது, சாய்வு என்று சொல்லலாம்.

பதில் சொல்லும் பாணியையும் எழுதி வையுங்கள். மனச்சோர்வில் இருப்பவர் யோசிக்குமுன்பே "தெரியாது" என்பார். சற்றே வற்புறுத்தினால் சரியான விடை வரும். அல்சைமர் உள்ளவர் தவறான விடையைச் சிரித்த முகத்தோடு சொல்வார். தேதி கேட்டதும் தலையைத் திருப்பி மனைவியைப் பார்ப்பவர், "இதையெல்லாம் இவள்தான் பார்த்துக்கொள்கிறாள்" என்று சமாளிப்பவர்: இந்தத் தலைத் திருப்பலை ஓர் அறிகுறியாகவே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நினைவுப் பிரிவுக்கு யாருடைய துணையும் இல்லாமல் தானே வழி கண்டுபிடித்து வருபவருக்கு மறதி நோய் இருக்கும் வாய்ப்பு குறைவு என்பதும் அப்படிப் பதிவானதுதான். எதை, எந்த நாள், எங்கே மறந்தேன் என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வந்து விளக்குபவரின் நினைவு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அவர் துன்பம் பொய்யல்ல. அதன் காரணம் வேறு.

சோதனையே எடுக்கக் கூடாத நாட்கள் உண்டு. காய்ச்சல், சிறுநீர்க்கட்டு, உப்புச்சத்துக் குறைவு, அறுவைக்கு மறுநாள். இரண்டு நாளில் குழம்பிப்போனவர், காலையில் தெளிவு மாலையில் உளறல் என்று ஏறி இறங்குபவர், கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே கண் சொக்குபவர். இது டெலிரியம், அதாவது திடீர் மனக்குழப்பம். இந்த நிலையில் மோக்கா எடுத்து 11 என்று கோப்பில் எழுதினால் அந்த 11 அவரை வாழ்நாள் முழுதும் துரத்தும். இங்கே வேண்டியது ஃபோர்ஏடி மாதிரியான கருவி: விழிப்பு நிலை, வயது, பிறந்த தேதி, இடம், ஆண்டு, மாதங்களைப் பின்னிருந்து சொல்வது, திடீர் மாற்றம் இருந்ததா என்பது. 4 அல்லது அதற்கு மேல் என்றால் டெலிரியத்தை நினைத்துக் காரணத்தைத் தேட வேண்டும். மறதிக்கான சோதனை, உடல் தேறி வாரங்கள் கழித்து.

மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்ப்பதும் சோதனையின் பகுதிதான். சிறுநீரை அடக்கக் கொடுக்கும் ஆக்சிபியூட்டினின், தூக்கத்துக்கோ வலிக்கோ கொடுத்த அமிட்ரிப்டிலின், சளிக்குத் தாமே வாங்கிச் சாப்பிடும் குளோர்ஃபெனிரமின், நடுக்கத்துக்கான டிரைஹெக்சிஃபெனிடில். எல்லாமே நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினை மறிப்பவை, நினைவை மங்க வைப்பவை. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் டயசிபாம் குடும்பம் தனி. தைராய்டு, பி12 பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். காதுக்குள் திரண்ட அழுக்கைப் பார்க்கத்தான் யாருக்கும் நினைவு வருவதில்லை.

நடத்தும் முறையில் நடக்கும் சில்லறைக் கூத்துகள் மதிப்பெண்ணை இரண்டு மூன்று புள்ளி அசைத்துவிடும். பக்கத்தில் நிற்கும் மகள் உதட்டசைவில் தேதி சொல்வார். சுவரில் நாட்காட்டியும் கடிகாரமும் தொங்கும். இளம் மருத்துவர் இரக்கப்பட்டு, "நன்றாக யோசியுங்கள் ஐயா, பூ ஒன்று இருந்ததே" என்று குறிப்பை முதலிலேயே கொடுத்து முழு மதிப்பெண்ணும் போட்டுவிடுவார். ஏழு கழிப்பதில் ஒரு படி தவறினால் மீதி எல்லாவற்றையும் தவறு என்று அடித்துவிடுவார்கள்; மோக்காவில் ஒவ்வொரு கழித்தலும் தனித்தனி. 92 என்று தவறிய பின் 85, 78 என்று வந்தால் அந்த இரண்டும் சரியே. ஒரே தாளைச் சில வாரங்களுக்குள் மறுபடி கொடுத்தால் சொற்கள் பழகிப்போயிருக்கும். மாற்று வடிவங்கள் இருப்பது அதற்காகத்தான்.

இப்படி அசையும் எண் என்பதால், போன முறைக்கும் இந்த முறைக்கும் இரண்டு புள்ளி வேறுபாட்டை நான் மாற்றம் என்று சொல்வதில்லை. அல்சைமரில் எம்எம்எஸ்இ ஆண்டுக்குச் சராசரியாக 3 புள்ளி அளவில் இறங்கும் என்று வைத்துக்கொண்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பது எதைக் காட்டப் போகிறது? அவருக்கும் குடும்பத்துக்கும் அவமானம்தான் மிச்சம். ஆறு மாதம், ஓராண்டு போதும்; அதுவும் முடிந்தவரை அதே தாளின் மாற்று வடிவம், காலை நேரம், கண்ணாடியும் காதுக் கருவியும் அணிந்து. மாத்திரை கொடுத்து ஒரு மாதத்தில் மதிப்பெண் ஒன்று ஏறியதை மாத்திரையின் வெற்றியாகக் கொண்டாடும் குறிப்புகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

எந்தத் தாளும் பார்க்காத நோய்களும் உண்டு. ஐம்பதுகளில் இருப்பவர், கூச்சம் போய்விட்டது, மற்றவர் துக்கம் உறைப்பதில்லை, பணத்தை வாரி இறைக்கிறார், ஒரே உணவைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். எம்எம்எஸ்இ 30/30 வரலாம். மூளையின் முன்பகுதியையும் பக்கவாட்டுப் பகுதியையும் தாக்கி நடத்தையைப் பாதிக்கும் ஃப்ரான்டோடெம்போரல் வகை நோய் தொடக்கத்தில் இப்படித்தான். "முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறார், குடும்பத்தில்தான் ஏதோ சண்டை" என்று அனுப்பிவிடும் மருத்துவர் அந்தக் குடும்பத்தின் சில ஆண்டுகளைத் தொலைத்துவிடுகிறார். மொழி முதலில் சிதையும் நோயில் இதற்கு நேர்மாறு: கேள்விகள் எல்லாமே சொல் வழியாகப் போவதால் மதிப்பெண் பாதாளத்தில் கிடக்கும், ஆனால் அவர் தனியாகப் பயணம் செய்து வீடு திரும்புவார்.

குடும்பத்திடம் நான் எண்ணை முதலில் சொல்வதில்லை. "எத்தனை டாக்டர்?" என்று கேட்காதவர்களும் இல்லை. முதலில் எது நன்றாக இருக்கிறது என்று சொல்வேன், பிறகு எது தடுமாறுகிறது, அது வீட்டில் எப்படித் தெரியும் என்று. சொன்ன செய்தி பதியவில்லை என்பதுதான் கண்டுபிடிப்பு என்றால் மாத்திரைப் பெட்டியும் சுவரில் எழுதிய பலகையும் உதவும். பதிந்ததை எடுப்பதில்தான் சிரமம் என்றால் ஒரு சிறு குறிப்புப் போதும், அவசரப்படுத்தாமல் இருந்தால் போதும். எண்ணைச் சொல்லும்போது அதன் இருபுறமும் இரண்டு புள்ளி தள்ளாடும் என்பதையும் சேர்த்தே சொல்வேன். நோயாளி அறையில் இருக்கும்போது அவரைப் பார்த்துப் பேசுவேன். அவர் தலைக்கு மேலாக மகனிடம் பேசுவதில்லை.

இன்னொரு வேண்டுகோள் அடிக்கடி வரும்: மதிப்பெண்ணைச் சான்றிதழாக எழுதிக் கொடுங்கள், சொத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட இவருக்குத் தகுதி உண்டா இல்லையா என்று அதை வைத்துத் தீர்மானிக்கிறோம். முப்பதுக்கு எத்தனை என்பது இதற்குப் பதில் சொல்லாது. தகுதி என்பது குறிப்பிட்ட முடிவைப் பற்றியது; அன்றைய நிலையைப் பற்றியது. விஷயத்தைப் புரிந்துகொள்கிறாரா, முடிவெடுக்கும்வரை அதை மனத்தில் வைத்திருக்கிறாரா, நன்மை தீமையை ஒப்பிடுகிறாரா, தன் முடிவை ஏதோ ஒரு வழியில் தெரிவிக்கிறாரா என்று அந்த விஷயத்தையே எடுத்துக் கேட்க வேண்டும். மோக்கா 17 வாங்கிய ஒருவர் தமக்குச் சொல்லப்பட்ட அறுவை வேண்டாம் என்றார். என்ன அறுவை, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொற்களிலேயே திருப்பிச் சொல்லச் சொன்னேன், சொன்னார். அரை மணி கழித்து வேறு பேச்சுக்கு நடுவே மறுபடி கேட்டேன். அதே காரணம், அதே வரிசை. மகளுக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை; அது வேறு. அவர் சொன்ன விடைகளை அப்படியே மேற்கோளாகக் குறிப்பில் எழுதி, இந்த முடிவை எடுக்க இன்று இவருக்குத் தகுதி இருக்கிறது என்று கையெழுத்திட்டேன். அந்தக் குறிப்பில் 17ஐச் சேர்க்க எந்தத் தேவையும் இருக்கவில்லை.